நள்ளிரவு 2 மணிக்கு விழிக்கும் குழந்தை: சிக்கல் குழந்தையிடமா, நம் கணக்கிலா?

"குழந்தை நைட்ல தூங்குதா?" குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் அநேகமாகக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இல்லை என்று பதில் வந்தால் போதும், ஆலோசனைகள் வரிசை கட்டும். பால் பத்தலை. திருஷ்டி பட்டிருக்கு. தூக்கித் தூக்கியே பழக்கிட்டீங்க. செல்போனைத் திறந்தால், 7 நாளில் குழந்தையை விடிய விடியத் தூங்க வைப்பதாகச் சொல்லும் ஆன்லைன் வகுப்புகள்.

இதையெல்லாம் கேட்கும் தாய்க்கு ஒன்றுதான் புரிகிறது: எங்கேயோ தவறு நடக்கிறது, அதுவும் தன்னால்தான் நடக்கிறது. ஆனால் மருத்துவ ஆய்வுகள் சொல்வது வேறு. இரவில் விழிப்பது ஆரோக்கியமான குழந்தையின் இயல்பு. அந்த விழிப்பைத் தாங்கும் வேலை ஒரே ஆளின் தலையில் விழுவதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

பிறந்த குழந்தைக்கு இரவு எது, பகல் எது?

தெரியாது. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. இருட்டினால் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரக்கும், வெளிச்சம் வந்தால் குறையும். பிறந்த குழந்தைக்கு அந்தக் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. மெலடோனின் சுரப்பு ஓர் ஒழுங்குக்கு வரவே சுமார் 2 முதல் 3 மாதம் ஆகும்.

அதுவரை தூக்கம் குறைவு என்று அர்த்தமில்லை. பிறந்தது முதல் 3 மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல். 4 முதல் 11 மாதம் வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 12 முதல் 16 மணி நேரம். குழந்தை நிறையவே தூங்குகிறது. அதைத் துண்டு துண்டாக, 24 மணி நேரத்துக்கும் பிரித்துத் தூங்குகிறது. அவ்வளவுதான்.

இன்னொரு காரணம், பசி. பிறந்த குழந்தையின் வயிறு மிகச் சிறியது. தாய்ப்பாலோ சீக்கிரம் செரிக்கும். அதனால்தான் முதல் சில வாரங்களில் நாளைக்கு 8 முதல் 12 முறை பால் தேவைப்படுகிறது. 24 மணி நேரத்தை 12-ஆல் வகுத்தால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை. இந்தக் கணக்கில் இரவுக்கு மட்டும் விடுமுறை கிடையாது. சொல்லப்போனால், தாய்ப்பால் சுரப்புக்கு உதவும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கிறது. இரவில் பால் கொடுப்பது சுரப்பு குறையாமல் இருக்கவும் உதவுகிறது.

4-வது மாதத்தில் திடீரென என்ன ஆகிறது?

"மூணு மாசம் வரைக்கும் நல்லாத்தான் தூங்குச்சு, இப்பத்தான் கெட்டுப்போச்சு" என்று பல வீடுகளில் சொல்வார்கள். கெட்டுப்போகவில்லை. தூக்கம் வளர்கிறது.

பெரியவர்களின் தூக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. கைக்குழந்தைக்கு ஒரு சுற்று 50, 60 நிமிடம்தான். பிறந்த புதிதில் அதில் ஏறக்குறைய பாதி, கண் உருளும், முகம் சுளிக்கும், சத்தம் வரும் மேலோட்டமான தூக்கம். சுமார் 3 முதல் 5 மாதத்துக்குள் இந்த அமைப்பு மாறி, பெரியவர்களுடையதைப் போலப் பல கட்டங்கள் உருவாகின்றன. ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் குழந்தை லேசாக விழிக்கும். பெரியவர்களும் அப்படி விழிக்கிறோம். புரண்டு படுத்துவிட்டுத் தூங்கிவிடுவதால் காலையில் நினைவிருப்பதில்லை.

குழந்தைக்கு அந்த வித்தை இன்னும் கைவரவில்லை. தூளியில் ஆடியபடியோ மார்பில் பால் குடித்தபடியோ தூங்கிய குழந்தை, விழித்ததும் அதே ஆட்டத்தையும் அதே கதகதப்பையும் தேடும். கிடைக்காவிட்டால் அழும்.

8, 9 மாதத்தில் இன்னொரு அலை. அம்மா கண்ணில் படாவிட்டாலும் எங்கோ இருக்கிறாள் என்று குழந்தைக்குப் புரியத் தொடங்கும் வயது அது. புரிந்ததும் தேடலும் தொடங்குகிறது. நள்ளிரவு அழுகைக்கு அதுவும் ஒரு காரணம்.

விழிப்பது நல்லதா, கெட்டதா?

எளிதில் விழிக்க முடிவது குழந்தைக்கு ஒரு பாதுகாப்பு. தூக்கத்தில் மூச்சு தடைபட்டால் உடனே அசைந்து, விழித்து, அழும் திறன் உயிரைக் காக்கும். காரணம் புரியாமல் கைக்குழந்தைகள் தூக்கத்தில் இறந்துபோகும் நிகழ்வுகளில் இந்த விழிப்புத் திறன் குறைவாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

குப்புறப் படுக்கும் குழந்தை ஆழ்ந்து தூங்கும், எளிதில் விழிக்காது. அங்கேதான் ஆபத்தும். அமெரிக்காவில் 1994-ல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் பிரசாரம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் இத்தகைய மரணங்கள் சுமார் பாதியாகக் குறைந்தன. குழந்தையை அசையாமல் தூங்க வைப்பதையே குறிக்கோளாக வைத்துக்கொள்வது சரியல்ல என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

பவுடர் பால் கொடுத்தால் விடிய விடியத் தூங்குமா?

பால் பத்தலை என்று சொல்லி இரவில் மட்டும் பவுடர் பாலோ, 6 மாதத்துக்கு முன்பே கூழோ கொடுக்கும் வழக்கம் உண்டு. பிரிட்டனின் ஸ்வான்சி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 முதல் 12 மாதக் குழந்தைகளின் தாய்மார்கள் 700-க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடத்தி, 2015-ல் முடிவை வெளியிட்டனர். இரவில் விழிப்பதில் தாய்ப்பால் குழந்தைக்கும் பவுடர் பால் குழந்தைக்கும் வித்தியாசம் இல்லை. பகலில் அதிகம் சாப்பிட்ட குழந்தைகள் இரவில் பால் கேட்பது குறைந்தது, விழிப்பது குறையவில்லை. மொத்தத்தில் 78 சதவீதக் குழந்தைகள் இரவில் ஒரு முறையாவது விழித்தார்கள்.

விடிய விடியத் தூங்கும் குழந்தை என்பதே எவ்வளவு சகஜம்? கனடாவில் 388 குழந்தைகளைக் கவனித்த ஆய்வு 2018-ல் வெளியானது. 6 மாதத்தில் சுமார் 38 சதவீதக் குழந்தைகள் தொடர்ந்து 6 மணி நேரம்கூடத் தூங்கவில்லை. ஒரு வயதிலும் 28 சதவீதம் பேர் அப்படித்தான். தொடர்ந்து தூங்காததால் அவர்களின் மனவளர்ச்சியோ உடல் இயக்க வளர்ச்சியோ பின்தங்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அப்படியானால் யாருக்குப் பாதிப்பு?

குழந்தை பகலில் தூங்கி ஈடுகட்டிவிடும். பெற்றோரால் முடியாது. குழந்தை அடங்கிய பிறகும் அம்மாவின் காது அடங்குவதில்லை. சின்ன முனகலுக்கும் விழிப்பு வரும், மறுபடி தூக்கம் பிடிக்க நேரமாகும்.

ஜெர்மனியில் பல ஆயிரம் பெற்றோரின் விவரங்களை வைத்து நடந்த ஆய்வு 2019-ல் வந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் 3 மாதத்தில், கருத்தரிப்பதற்கு முன் தூங்கியதைவிடத் தாய்மார்கள் தினமும் சராசரியாக 1 மணி நேரம் குறைவாகத் தூங்கினார்கள். தந்தையர் இழந்தது 15 நிமிடம். அழுகை ஒன்றுதான், எழுந்திருப்பவர் ஒருவர்.

இந்தியாவில்? மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுக்குள் வீட்டில் உள்ளவர்களைப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 140 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 74 நிமிடம். அப்படிப் பராமரிப்பில் ஈடுபடும் ஆண்களின் பங்கே சுமார் 21 சதவீதம்தான். பெண்களில் 41 சதவீதம்.

இது வெறும் களைப்போடு நிற்பதில்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இந்தியத் தாய்மார்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இருப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். தூக்கமின்மை இந்த மனச்சோர்வுக்கு வழிவிடும், ஏற்கெனவே இருந்தால் கூட்டவும் செய்யும்.

மூன்று நாட்காட்டிகள் மோதும் இடம்

தமிழ்நாட்டில் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். பாட்டி, அத்தை, சித்தி என்று கை மாற்றிக் குழந்தையைத் தூக்க ஆள் இருக்கும். 3 அல்லது 5 மாதத்தில் நாள் பார்த்துக் கணவர் வீட்டுக்கு அழைத்து வருவார்கள். சென்னையிலோ ஓசூரிலோ கணவனும் மனைவியும் மட்டும் இருக்கும் வாடகை வீடு என்றால், இரவில் குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொரு கை இல்லை. குழந்தையின் தூக்க அமைப்பு மாறுவதும் சரியாக அதே மாதங்களில்தான்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு விடுமுறைக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. 2017 சட்டத் திருத்தத்தால் முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்தவருக்குப் பிரசவத்துக்குப் பின் மிஞ்சுவது 18 வாரம், அதாவது 4 மாதம் சொச்சம். தூக்கம் மாறும் மாதம், தாய்வீடு முடியும் மாதம், விடுப்பு முடியும் மாதம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

தமிழக அரசு ஊழியர்களின் நிலை இதைவிட மேல். 2021 ஜூலை முதல் அவர்களுக்கு 12 மாத விடுப்பு. வீட்டு வேலை, கட்டட வேலை செய்யும் பெண்களுக்கோ சம்பளத்துடன் விடுப்பு என்பதே நடைமுறையில் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தவணைகளாகக் கிடைக்கும் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புதான் பிடிமானம்.

அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் நிறுவனங்களில் நிர்வாகம் மனது வைத்தால் உண்டு. காலையில் 9 மணிக்கு ஆபீஸ் போக வேண்டியவரை இரவில் எழுப்ப வேண்டாம் என்று வீடே முடிவு செய்துவிடுகிறது. விடுப்பு விதி, படுக்கையறை வரைக்கும் வந்து வேலையைப் பிரித்துவிடுகிறது.

தூங்க வைக்க மருந்து கொடுக்கலாமா?

கூடாது. களைத்துப்போன வீடுகளில் நடக்கும் ஆபத்தான தவறு இது. சளி மருந்து கொடுத்தால் குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று சிலர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சளி மருந்துகளில் உள்ள குளோர்பெனிரமைன் போன்றவை மயக்கம் தரக்கூடியவை. குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று லேபிளிலேயே எச்சரிக்கை அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

முதல் 6 மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, வேண்டாம் என்பதே உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. கிரைப் வாட்டரும் இதில் அடங்கும். ஒரு வயது வரை தேன் கண்டிப்பாகக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படவிடுங்கள். இரவில் பால் கொடுக்கும்போது மங்கலான விளக்கு போதும், பேச்சும் குறைவாக இருக்கட்டும். உடல் கடிகாரம் சீராக இது உதவும்.
* முனகியதும் தூக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். பல நேரம் அது மேலோட்டமான தூக்கத்தின் சத்தம்தான்.
* 4, 5 மாதத்துக்குப் பிறகு, கண் சொருகும் நேரத்திலேயே படுக்கையில் விட்டுப் பழக்கலாம். நடக்காத நாளில் தூக்கிக்கொள்வதில் தவறில்லை.
* சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை, கனமான போர்வை வேண்டாம். தூளியில் கழுத்து முன்னோக்கி மடங்கினால் மூச்சு தடைபடலாம், இரவு முழுக்க அதில் விட வேண்டாம். புகைபிடித்தவரோ மது அருந்தியவரோ குழந்தையோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூடாது.
* இரவைப் பங்கு போடுங்கள். பால் கொடுப்பது மட்டும்தான் அம்மாவால் முடிந்த வேலை. டயபர் மாற்றுவது, ஏப்பம் எடுக்க வைப்பது, தோளில் போட்டுத் தூங்க வைப்பது எல்லாம் அப்பாவாலும் முடியும். அம்மாவுக்கு இடையூறில்லாமல் 4 மணி நேரம் தொடர்ந்து தூங்கக் கிடைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட், அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தால் உடனே போக வேண்டும். பால் குடிக்க மறுப்பது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, மூச்சுத் திணறல், எழுப்பினாலும் எழாத அளவு சோர்வு, எப்படிச் சமாதானம் செய்தாலும் நிற்காத அழுகை ஆகியவையும் சாதாரண இரவு விழிப்பில் சேராது. சளி இல்லாமலே தினமும் குறட்டை விட்டாலும், எடை கூடாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தாய்க்கும் இதே கவனம் வேண்டும். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை நிற்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவ உதவி தேவை. தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

குழந்தையின் இரவு விழிப்பு தானாகக் குறையும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்று, ஒன்றரை வருடத்தில் அது நடந்துவிடும். அதுவரை எழுந்திருப்பது யார் என்பதை வீடும், வேலை தருபவர்களும், சட்டமும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.