வெள்ளை மணலும் வேப்பஞ் சருகும்

சுபஹ் தொழுகை முடிந்ததும் எங்கள் தெருவில் முதலில் கேட்பது விளக்குமாற்றின் சத்தம்தான். கிழக்குக் கரையோர ஊர்களில் பிறந்த எவருக்கும் இது புதிதல்ல. வளவில் ஒரு சருகு கூட இல்லாமல் கூட்டி, வெள்ளை மணலில் விளக்குமாற்றின் வரி விழச் செய்வது ஒரு பெண்பிள்ளையின் துப்புரவுக்கு அடையாளம். கூட்டிய சருகு ஒரு மூலையில் எரிந்து முடியும். இல்லையென்றால் குப்பை உழவு இயந்திரத்தில் ஏறிப் போகும்.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்தப் பழக்கத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

மரக்கறி விலை ஏறிய நாட்களில் உம்மா வளவில் கொச்சிக்காயும் கத்தரியும் நட்டார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியும் கன்றுகள் மஞ்சளித்து நின்றன. "கடற்கரை மணலில் புல்லும் முளைக்காது" என்றார்கள் அயலவர்கள். வாப்பா காசு கொடுத்து ஒரு லோட் கறுப்பு மண் இறக்கினார். ஒரு மாரி மழை முடிந்தபோது மீண்டும் வெள்ளை மணலே மேலே தெரிந்தது. கொடுத்த காசும் மண்ணோடு போயிற்று.

விவசாய விஞ்ஞானப் பாடத்தில் மண்ணைப் பற்றிப் படித்தபோதுதான் காரணம் விளங்கியது. மணலின் துணிக்கைகள் பெரியவை, இடைவெளிகளும் பெரியவை. ஊற்றும் தண்ணீர் வேர் குடிக்கும் முன்பே கீழே இறங்கிவிடுகிறது. போசணையையும் கூடவே கொண்டு போகிறது. தண்ணீரையும் போசணையையும் பிடித்து வைக்க மணலுக்கு வேண்டியது உக்கிய இலைகுழையும் எருவும்தான். அவற்றைத்தான் நாம் தினமும் காலையில் கூட்டி எரித்துக்கொண்டிருந்தோம்.

வெறும் மணலுக்கு யூரியாவை அள்ளிப் போட்டாலும் இதே கதைதான். செடிக்குப் போனது போக மிஞ்சுவது நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரில் சேர்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆழமில்லாத கிணறுகளை நம்பி வாழும் மணற்பாங்கான ஊர்களுக்கு இது விளையாட்டான விடயம் அல்ல.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இரசாயனப் பசளை முழுவதும் நஞ்சு, சேதனப் பசளை மட்டுமே நன்மை என்று நான் வாதாட வரவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அந்தத் தடை தளர்த்தப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். விளைச்சல் விழுந்து விவசாயக் குடும்பங்கள் பட்ட பாட்டையும் கண்டோம். அதைக் காட்டிச் சிலர் "சேதனம் சரிவராது" என்கிறார்கள். எனக்குப் பட்டது வேறு. மண்ணை ஒரே இரவில் மாற்ற முடியாது. போகம் போகமாக அதற்கு ஊட்ட வேண்டும். நாடு முழுவதும் உள்ள வயல்களுக்குப் போதிய எருவைத் திரட்டுவது பெரிய வேலை. நான்கு பாத்திகளுக்கு எரு திரட்டுவது ஒரு வீட்டால் முடிந்த வேலை.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளை உட்புறம் மேலே பார்க்க அடுக்கினோம். பொச்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதில் பொட்டாசியமும் உண்டு. அதன் மேல் உக்கிய மாட்டெருவும் சருகும் மணலும் கலந்து நிரப்பினோம். வேலியில் நின்ற கிளிரிசீடியாவின் குழையை வெட்டிச் செடியைச் சுற்றிப் பரப்பினோம். தேயிலை, இறப்பர், தெங்குக்கு அடுத்ததாக நாட்டின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்ட மரம் அது. இலையில் நைதரசன் நிறைய உண்டு, விரைவாக உக்கும்.

பிழைகளும் விட்டோம். பச்சைக் கோழியெருவைப் போட்டு இரண்டு கன்றுகளைக் கருக்கினோம். தும்புத்தூளை எருச் சேர்க்காமல் தனியாகக் கலந்ததில் இலைகள் மஞ்சளித்தன. தும்புத்தூளை உக்கச் செய்யும் நுண்ணங்கிகள் மண்ணிலிருந்த நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்ளும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். அடுப்புச் சாம்பலையும் அளவோடுதான் போட வேண்டும். சிப்பித் தூள் கலந்த கடற்கரை மண் இயல்பிலேயே காரத்தன்மை உள்ளது; சாம்பல் அதை மேலும் கூட்டும்.

"சருகைக் குவித்து வைத்தால் பாம்பு வரும், நுளம்பு வரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. டெங்கு நுளம்பு பெருகுவது தண்ணீர் தேங்கிய சிரட்டையிலும் யோகட் கோப்பையிலும் பழைய டயரிலும்தான். அவற்றைப் பொறுக்கி அகற்றிவிட வேண்டும். சருகை வளவெங்கும் விடாமல், கிணற்றுக்கு எட்டிய ஒரு மூலையில் நாலு கம்பு நட்டு வலையடித்து மூடி வைக்கலாம். மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சிலையும் மரக்கறிக் கழிவும், இடையிடையே கொஞ்சம் எரு, பிழிந்த துணியளவு ஈரம். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் புரட்டினால் மூன்று மாதமளவில் மழை மண்ணின் வாசனையோடு கூட்டெரு கிடைக்கும். மீனும் இறைச்சியும் சேர்க்காவிட்டால் நாயும் பூனையும் கிளறாது.

இதற்குப் பொறுமை வேண்டும். எங்கள் வெப்பத்தில் சேதனப் பொருள் விரைவாகக் கரைந்து போவதால், ஒரு தரம் போட்டுவிட்டு இருந்துவிட முடியாது. எங்கள் கொச்சிக்காய் இரண்டாம் போகத்தில்தான் நிமிர்ந்தது. இப்போது இரண்டு நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் ஊற்றினாலே போதும். பாத்தியைக் கிளறினால் மண்புழு வருகிறது. முன்பு எங்கள் வளவில் நான் மண்புழுவைக் கண்டதில்லை.

சகோதரிகளே, பரீட்சைக்காக மண்ணின் கட்டமைப்பை மனனம் செய்யும் நாம், வீட்டுக்குப் போய் அதே மண்ணின் உணவுக்குத் தீ வைக்கிறோம். படித்த படிப்பு வளவு வரைக்குமாவது வர வேண்டாமா? பெற்றோரே, உங்கள் மகள் ஒரு மூலையில் சருகைச் சேர்த்து வைத்தால் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள். மருமகள் பார்க்க வருகிறவர்களும் வளவில் விளக்குமாற்றின் வரியை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், கத்தரிப் பாத்தியையும் ஒரு முறை எட்டிப் பார்க்கட்டும்.

உம்மா இன்றும் காலையில் கூட்டுகிறார். கூட்டியதை எரிப்பதில்லை. வேப்பஞ் சருகைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து, "இந்தா, உன்ட மண்ணுக்குச் சாப்பாடு" என்று என்னிடம் தருகிறார்.