குட்டியின் கடியும் ஆணின் குரைப்பும்
மெக்சிகோவின் லா பாஸ் நகருக்கு வடக்கே, எஸ்பிரித்து சாண்டோ தீவை ஒட்டிய லாஸ் இஸ்லோடெஸ் பாறைத்திட்டில் கலிபோர்னியக் கடல் சிங்கங்கள் கூட்டமாக வாழ்கின்றன. ஸ்கூபா முக்குளிப்போரைத் தேடி நெருங்கி வருபவை பெரும்பாலும் இளம் விலங்குகளே. காலில் மாட்டிய துடுப்பை மெல்லக் கடிப்பதும், முகக்கண்ணாடி வரை பாய்ந்து வந்து சட்டென விலகுவதும் அவற்றின் விளையாட்டு. விரலால் தொட்டறிய முடியாத உயிருக்கு வாயும் மீசையும்தான் சோதனைக் கருவிகள். அந்தக் கடியில் பகை இல்லை, பாசமும் இல்லை. கடலின் நாய்க்குட்டி என்று கொஞ்சுவோர் பாதியைத்தான் பார்க்கிறார்கள். வளர்ந்த ஆணின் போக்கே வேறு. 300 கிலோவுக்கும் மேல் எடையும் உச்சந்தலையில் மேடும் கொண்ட அது, இனப்பெருக்கக் காலத்தில் கரையோர நீரைத் தன் எல்லையாக்கிச் சுற்றிவரும். நீருக்குள்ளேயே குரைப்பதும், குமிழி விட்டபடி முக்குளிப்பவருக்கும் பாறைக்கும் குறுக்கே நீந்துவதும் விலகச் சொல்லும் எச்சரிக்கை. அப்போது கையை நீட்டாமல், துரத்தாமல், மெதுவாகப் பின்வாங்குவதே முறை. குட்டி ஈனும் பருவமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே நீரில் இறங்கத் தடை உண்டு. பயணிகளுக்கு அது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் விலங்கின் நடத்தையைப் படித்து எழுதப்பட்ட விதி என்பதால் அதுவே நியாயம்.