சிப்ஸ் கவருக்கு ஏன் விலை இல்லை?

தாம்பரம், சேலையூர் பக்கம் பழைய பேப்பர் கடையில் பால் கவரை எடைக்கு எடுப்பார்கள். சிப்ஸ் கவரை நீட்டினால், ‘இது வேண்டாம்மா’ என்பார்கள்.

காரணம் இருக்கிறது. பால் கவர் ஒரே வகை பிளாஸ்டிக். உருக்கினால் மறுபடி பயன்படும். சிப்ஸ், பிஸ்கெட் கவர்களில் வெவ்வேறு பிளாஸ்டிக் அடுக்குகளும் மெல்லிய அலுமினியப் பூச்சும் ஒட்டியிருக்கும். தீனி நமத்துப் போகாமல் காப்பவை அவைதான். ஆனால் அவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பது பெரும்பாடு.

இதற்கு ஒரு வழி ‘பைரோலிசிஸ்’. காற்றுப் புகாத கலனில் 400, 500 டிகிரிக்குச் சூடாக்கினால் பிளாஸ்டிக் எரியாது, உடைந்து ஆவியாகும். அதைக் குளிரவைத்தால் எண்ணெய். நன்றாகச் சுத்திகரித்தால் அதிலிருந்து புது பிளாஸ்டிக்கே செய்யலாம். ஆனால் செலவு அதிகம், கரியும் மிஞ்சும். பி.வி.சி. கலந்துவிட்டால் அமிலம் உண்டாகி கலனையே அரிக்கும். கவரில் ஈரம் இருந்தால் சூட்டின் ஒரு பகுதி தண்ணீரை வற்றவைக்கவே போய்விடும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் வேறொரு வழி கண்டார்: பிளாஸ்டிக்கைத் துண்டாக்கி, சூடான ஜல்லியில் தூவித் தார்ச்சாலை போடுவது. 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். அதற்கும் காய்ந்த, சுத்தமான கவர்தான் தேவை.

ஆக, எந்த இயந்திரம் வந்தாலும் முதல் வேலை நம் வீட்டு சமையலறையில்தான். கவரின் முனையைத் தனியாக வெட்டி எறியாதீர்கள். அந்தத் துணுக்கு யார் கைக்கும் சிக்காது. கவரை உதறி, துடைத்து, ஒரு பையில் சேர்த்து, தூய்மைப் பணியாளரிடம் மக்காத குப்பையாகக் கொடுங்கள். சாம்பார் சாதத்தோடு சேர்த்துக் கட்டிப் போட்டால் அது குப்பைமேட்டுக்குத்தான். பெருங்குடிக் குப்பைமேடு இருப்பதோ, 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மடியில்!