போத்திலைப் பாடம் போடுகிறவர்களுக்கு

வேப் அடிக்கிற இரண்டு பேர் சந்தித்தால் இப்போதெல்லாம் போத்தில் எத்தனை நாள் ஊறினது என்பதுதான் கதை. "கஸ்ரட் என்றால் ஒரு மாதம் விடோணும்." "மூடியைக் கழட்டி ஒரு இரவு வையுங்கோ." "சுடுதண்ணிக்குள்ள அரை மணித்தியாலம் போட்டு எடுத்தால் காணும்." ஆளுக்கொரு கைவைத்தியம். ஆங்கிலத்தில் இதை ஸ்டீப்பிங் என்கிறார்கள், தேயிலையை ஊறவிடுவதற்குச் சொல்கிற அதே சொல். எனக்கென்னவோ எங்கட ஊர்ச் சொல்தான் பொருத்தமாகப் படுகிறது. புகையிலையை வெட்டி வாட்டி, குடிலில் பொச்சுமட்டைப் புகை காட்டி, அடுக்கி வைத்து, காறல் அடங்கி மணம் ஏறும்வரை காத்திருப்பதைப் பாடம் போடுகிறது என்பார்கள். புகையிலைக்குப் பாடம் போட்ட சனத்தின் பிள்ளைகள் இப்போது லண்டனில் வேப் தண்ணிக்குப் பாடம் போடுகிறோம். பரம்பரைத் தொழில் எங்கே போகும் :-)

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடம் போடுவதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைப் பற்றிப் பெரிதாகக் கதைக்கிறவர்களில் கனபேர் குசினி நியாயத்தை நெஞ்சாங்கூட்டுக்குள் கொண்டு போகிறார்கள். அங்கேதான் எனக்குப் பிரச்சினை.

வேப் பாவிக்காதவர்களுக்காக இரண்டு வரி. அந்தப் போத்திலுக்குள் இருப்பது நான்கு சாமான். தண்ணிமாதிரி ஓடுகிற புரொப்பிலீன் கிளைக்கோல் (கடைப் பேச்சில் பிஜி), பாணிமாதிரித் தடிப்பான கிளிசரின் (விஜி), வாசனைச் சாறு, நிக்கொட்டின். பிஜி வாசனையைச் சுமக்கும், விஜி புகையைத் தடிப்பாக்கும்.

இதைக் கலக்கிற வேலை எப்படி எங்கள் கைக்கு வந்தது என்று தெரிந்தால்தான் மிச்சம் விளங்கும். பிரித்தானியாவில் 2016 இல் வந்து 2017 மே மாதத்தோடு முழுதாக அமுலான சட்டப்படி, நிக்கொட்டின் கலந்த போத்தில் 10 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கொட்டினும் கூடாது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? 60 மில்லி போத்திலில் நிக்கொட்டின் இல்லாத 50 மில்லியை மட்டும் நிரப்பி, மேலே இடம் விட்டு விற்கத் தொடங்கினார்கள். ஷோர்ட்ஃபில் என்று பெயர். பக்கத்தில் 18 மில்லிகிராம் நிக்கொட்டின் உள்ள 10 மில்லி சின்னப் போத்தில் தனியாக. இதை அதற்குள் ஊற்றினால் 60 மில்லி, மில்லிக்கு 3 மில்லிகிராம். சட்டமும் மீறவில்லை, சாமானும் போகிறது. தொழிற்சாலையில் யந்திரம் செய்த கலவையை இப்போது நாங்கள் மத்தியானப் பிறேக்கில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று செய்கிறோம்.

எங்கட ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிற தம்பி ஒருவன், ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் ஊதுகிறவன், இப்படித்தான் ஒன்றை வாங்கி வந்து ஊற்றி, இரண்டு தரம் ஆட்டிவிட்டு இழுத்தான். இருமல் நிற்கவில்லை. "அண்ணை, உது தொண்டையை அறுக்குது, எனக்குச் சரிவராது." பின்னேரம் பார்த்தால் பழையபடி கையில் சிகரெட். குற்றம் அவனிலும் இல்லை, வேப்பிலும் இல்லை. கிளிசரின் அவ்வளவு தடிப்பு. நிக்கொட்டின் ஒரு பக்கம், வாசனை ஒரு பக்கம் என்று கிடந்த தண்ணியைத்தான் இழுத்திருக்கிறான். அதே போத்திலை வாங்கி ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, மூடியை இறுக்கி, உடுப்பு மாற்றுகிற லொக்கருக்குள் ஒரு கிழமை வைத்துக் கொடுத்தேன். இப்போது அவன் சிகரெட்டைத் தொட்டு எட்டு மாதம். 2015 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு வேப் சிகரெட்டை விட 95 வீதம் தீங்கு குறைந்தது என்று சொன்னது. அந்த இலக்கத்தில் சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிகரெட்டை விட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு கிழமைப் பொறுமை ஒருவனைச் சிகரெட்டிலிருந்து மீட்குமென்றால் பாடம் போடுவதை நான் ஏன் பகிடி பண்ணப் போகிறேன்?

ஆனால் அந்த ஒரு கிழமையில் நடந்ததில் பெரும்பங்கு கலத்தல். முதல் நாளே ஒழுங்காகக் குலுக்கியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு போத்திலுக்குள் நடக்கிறது வேறு விசயம், இரசாயனம். நான் பாதியில் விட்ட படிப்பில் மிஞ்சின அறிவை வைத்துச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

வனிலா, கறுவா, வாதுமை, எலுமிச்சைப் புல் போன்ற வாசனைகளின் உயிரே அல்டிகைட் என்ற வகைச் சேர்வைதான். இவை பிஜியோடு சும்மா இருக்காது. சாதாரண அறை வெப்பத்திலேயே நாட்கள் போகப்போக அதோடு சேர்ந்து அசெற்றால் என்ற புதுச் சேர்வைகளாக மாறும். யேல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் இதை அளந்து பார்த்தார்கள். வாசனை அல்டிகைட்டில் 40 வீதமும் அதற்கு மேலும் இப்படி மாறியிருந்தது. மாறினதில் பாதி தொடக்கம் 80 வீதம் வரை ஆவியோடு சேர்ந்து வெளியே வந்தது. கடையில் விற்கிற போத்தில்களிலும் இவை இருந்தன. முதல் நாள் மூக்கில் குத்தின வனிலா மூன்றாம் கிழமை மெத்தென்று வருகிறதே, அதில் ஒரு பங்கு இதுதான். ஆகவே "ஊறினால் வித்தியாசம் வருகிறது" என்கிறவர்கள் கற்பனை பண்ணவில்லை.

சமையல்காரனாக என்னை உலுக்கினது அதே ஆய்வின் அடுத்த வரி. அந்தப் புதுச் சேர்வைகள் ஆய்வுகூடத்தில் எரிச்சலை உணர்கிற இரண்டு ஏற்பிகளைத் தூண்டின. அதில் ஒன்று மிளகாயின் உறைப்பை உணர்கிற அதே ஏற்பி. (அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியசுக்குத்தான் 2021 இல் நோபல் பரிசு கிடைத்தது.) சாதாரண வனிலா அந்த ஏற்பியை அசைக்காது, பிஜியோடு சேர்ந்த வனிலா அசைக்கிறது. மூக்குக்கு மெத்தென்று இருக்கிற சாமான் உள்ளே வேறு கதை சொல்கிறது.

"அண்ணை, நேற்று வைச்ச ஆட்டிறைச்சிக் கறி இண்டைக்குத்தானே ருசி, அதுமாதிரித்தான் இதுவும்" என்று எங்கட குசினியிலேயே ஒருவர் சொல்லுவார். கேட்க நல்ல நியாயம். நானும் முதல் நாளே இறைச்சியைப் பிரட்டி வைக்கிறவன்தான், ஊறுகாய்க்கு மாதக்கணக்கில் வெயில் காட்டின வீட்டில் வளர்ந்தவன்தான். ஆனால் கறி பழுதானால் மூக்கு சொல்லும், மூக்கு தப்பவிட்டால் நாக்கு சொல்லும், அதுவும் தப்பினால் வயிறு திருப்பி அனுப்பும். எத்தனையோ தலைமுறை தின்று பார்த்துச் சொன்ன தீர்ப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. நெஞ்சுக்கு வாந்தி எடுக்கத் தெரியாது.

கஸ்ரட், பட்டர் வகைக்காரர்கள் இனி வருவதை வடிவாகப் படியுங்கள். டையசெற்றில் என்று ஒரு சாமான், பட்டர் வாசம் தருவது. சாப்பாட்டில் போடலாம். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பொப்கோர்ன் தொழிற்சாலையில் வேலை செய்த எட்டுப் பேருக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பாகி அடைபட்ட நோய் இருப்பது தெரிய வந்தது. விசாரித்துக்கொண்டு போனால் பட்டர் வாசனைக் கலவையின் ஆவி, அதிலும் முக்கியமாக டையசெற்றில். தின்றால் ஒன்றுமில்லை, மூச்சோடு போனால் வினை. வேலைக்குப் போன ஏழைகள்தான் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள், தங்கள் மூச்சை விலையாகக் கொடுத்து. வேப் தண்ணியில் அதைச் சேர்க்க பிரித்தானியாவில் அனுமதி இல்லை. நல்லது. வாசனை செய்கிறவர்களில் சிலர் அதற்குப் பதிலாக அசெற்றோயின் என்ற தம்பிக்காரனைப் போட்டார்கள். 2019 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, போத்திலில் இருக்க இருக்க இந்த அசெற்றோயின் மெல்ல மெல்ல டையசெற்றிலாக மாறுகிறது என்று காட்டியது. நிக்கொட்டின் சேர்ந்தால் அது இன்னும் விரைவு.

இப்போது யோசித்துப் பாருங்கள். எந்தப் போத்திலை ஆகக் கூடிய நாள் பாடம் போடச் சொல்கிறார்கள்? கஸ்ரட்டை. "மூன்று மாதம் வைத்தேன், பட்டர் மாதிரி வந்திருக்கு" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பட்டர் மாதிரி ஏன் வந்தது என்று அவர் கேட்கவில்லை. எல்லாக் கஸ்ரட்டிலும் அசெற்றோயின் இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் போத்திலில் இல்லை என்று லேபிளைப் பார்த்து உங்களால் சொல்ல ஏலுமா? ஆகவே இரண்டு மூன்று கிழமைக்கு மேல் அதை வைத்திருக்க வேண்டாம் என்பதுதான் என்னுடைய பக்கம். நிக்கொட்டினைச் சேர்த்த பிறகு மாதக்கணக்கில் வைப்பது வேண்டவே வேண்டாம். ருசி கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

பழ வகைக்கு இந்தக் கூத்தெல்லாம் தேவையே இல்லை. குலுக்கி ஒரு நாள் விட்டால் காணும். தோடம்பழம், எலுமிச்சை எல்லாம் காற்றுப் பட்டால் மணம் போய் டர்ப்பன்டைன் அடிக்கத் தொடங்கும். மென்தோல் எப்படி வைத்தாலும் மென்தோல்தான். ஒருக்கா வேலை முடிந்த பிறகு, லேபிளை மறைத்து இரண்டு போத்தில், ஒன்று அன்றைக்குக் கலந்தது, ஒன்று மூன்று கிழமை பழசு, நாலு பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். வனிலாவில் நாலு பேரும் பழசைச் சரியாகச் சொன்னார்கள். மாம்பழத்தில் இரண்டு பேர் மாறிச் சொன்னார்கள், மற்ற இரண்டு பேர் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள். ஒரே வாசனையைக் கிழமைக்கணக்கில் இழுத்தால் நாக்கும் மூக்கும் மரத்துப் போய்விடும். போத்தில் மாறினதா நாங்கள் மாறினோமா என்று பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

மூடியைத் திறந்து வைக்கிற வைத்தியத்துக்கு மட்டும் நான் முழு எதிரி. காற்றுப் பட்டால் நிக்கொட்டின் ஒட்சியேறும், தேயிலைச் சாயம் மாதிரிக் கபிலமாகும், முதலில் பறந்து போவதும் நல்ல மணந்தான். சுடுதண்ணியும் வெயிலும் அதையே இன்னும் கெதியாகச் செய்யும். "நிறம் ஏறினால் ருசி ஏறினது" என்று சொல்கிறவருக்கு, வெட்டி வைத்த அப்பிள் பழமும் நிறம் ஏறும் என்று சொல்லுங்கள்.

ஆனால் எதிர்ப்புக்குப் பெரிய காரணம் அதுவும் இல்லை. வீட்டில் அலுமாரிக்குள், கேக் எசன்ஸ் போத்தில்களுக்குப் பக்கத்தில், வனிலா மணக்கிற ஒரு போத்தில் மூடி இல்லாமல் இருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. 2014 டிசம்பரில் நியூயோர்க் மாநிலத்தில் ஃபோர்ட் பிளெயின் என்ற ஊரில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிக்கொட்டின் உள்ளே போய் இறந்தது. அதற்குப் பிறகு 2016 இல் அமெரிக்காவில் பிள்ளைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று சட்டமே வந்தது. இங்கேயும் அந்த மூடி கட்டாயம். சட்டம் போட்டுப் பூட்டின மூடியை ருசிக்காக நாங்களே கழட்டி வைக்கிறோம். வெறுஞ்சாற்றை விடுங்கள், நிக்கொட்டின் ஊற்றின போத்திலைத் திறந்து வைக்கிற வீட்டுக்கு என் பிள்ளைகளை நான் அனுப்ப மாட்டேன்.

இதை இப்போது எழுதக் காரணமும் இருக்கிறது. 10 மில்லிக்கு 2 பவுண் 20 பென்ஸ் வரி என்று 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்து, 2026 ஒக்ரோபர் 1 என்று திகதியும் குறித்தார்கள். நிக்கொட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி. 60 மில்லிக்குக் கணக்குப் பார்த்தால் 13 பவுண் 20 பென்ஸ். அறிவிப்பு வந்த நாளிலிருந்து எங்கட ஆக்கள் அரிசி மூட்டை சேர்க்கிற மாதிரிப் பெட்டிக்கணக்கில் வாங்கி அடுக்குகிறார்கள். "வைச்சால் இன்னும் ருசிதானே" என்று சமாதானம் வேறு. அடுக்குகிறவர்கள் நிக்கொட்டினைக் கலக்காமல் தனியாக, உயரத்தில், பூட்டி வையுங்கள். பாவிக்கிற கிழமைக்கு முன் கலந்தால் போதும். ரெஸ்ரோரண்ட் பிரிட்ஜில் ஒவ்வொரு வாளிக்கும் திகதி ஒட்டுகிறோமே, அதேபோல் கலந்த அன்றைக்கே போத்திலில் திகதி எழுதி ஒட்டுங்கள். என்னுடைய அலுமாரியில் இப்போது கலந்து கிடப்பது ஒன்றே ஒன்று, ஏலக்காய் வனிலா, பதினோராம் நாள். லேபிள் மறைத்து யாராவது வீட்டில் செய்து பார்த்தால் என்ன வந்தது என்று எனக்கும் சொல்லுங்கள். முக்கியமாக அந்த மாம்பழம்.