யாலவும் விலை கூடிய விடுதியும்தான் சஃபாரியா?

கோடை விடுமுறைக்கு இலங்கையில் உள்ள ஊருக்குப் போக ரிக்கற் போட்டிருக்கும் மொன்றியல் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் ஆலோசனை தவறாமல் கிடைக்கும். "சஃபாரி எண்டால் யாலதான். நல்ல விலையான விடுதியா எடுத்து ஓர் இரவு தங்குங்கோ. விடிய அரைநாள் ஜீப்பில போனால் சிறுத்தையைப் பார்த்திட்டு வந்திடலாம்." கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாக்களிலும் இதைக் கேட்காத ஆளில்லை. சொல்பவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் இந்த ஆலோசனையை நம்பிப் போய், புழுதியைத் தின்று, பிள்ளைகளின் முணுமுணுப்போடு திரும்பிய குடும்பங்கள் பல. அதனால் அதை ஒவ்வொரு வரியாக எடுத்து மறுக்க வேண்டியிருக்கிறது.

"சஃபாரி என்றால் யாலதான்"

இதில் பாதி உண்மை. 1938இல் தேசியப் பூங்காவான யாலவின் முதலாம் பிரிவு, உலகிலேயே சிறுத்தைகள் நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று. இலங்கைக் காடுகளில் புலியோ சிங்கமோ இல்லை. போட்டிக்கு ஆளில்லாத சிறுத்தை பகலிலும் வெளியே நடமாடும்.

மற்றப் பாதியை யாரும் சொல்வதில்லை. அந்த முதலாம் பிரிவு ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர்தான். சுற்றுலா உச்சத்தில் நூற்றுக்கணக்கான ஜீப்புகள் ஒரே நாளில் அதற்குள் நுழைகின்றன. ஒரு சாரதி பாறையில் சிறுத்தையைக் கண்டால் கைத்தொலைபேசியில் செய்தி பறக்கும். சில நிமிடங்களில் ஒற்றைத் தடத்தில் ஜீப்புகள் ஒன்றையொன்று முட்டுமளவுக்கு நெருங்கி நிற்கும். பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிவது முன்னால் நிற்பவர்களின் முதுகும் டீசல் புகையும்தான்.

வடக்குக்குப் போகும் எங்களுக்கு வில்பத்து வழியிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் ஏறத்தாழ 200 கிலோமீற்றர். அங்கிருந்து மேற்கே சிறிது தூரத்தில் ஹுனுவிலகம வாசல். 1,300 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்த வில்பத்துவே நாட்டின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. போர்க்காலத்தில் நெடுநாள் மூடிக் கிடந்து 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. காட்டுக்கு நடுவே மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்களை அங்கே 'வில்லு' என்கிறார்கள். காலையில் ஒரு வில்லுக்கரையில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்தால், மான் கூட்டம் தண்ணீர் குடிக்க இறங்குவதை வேறு வாகனமே இல்லாமல் பார்க்கக் கிடைக்கும். சிறுத்தையும் கரடியும் இங்கேயும் உண்டு. கிழக்குக்குப் போகிறவர்களுக்கு அம்பாறைப் பக்கம் கல்லோயா பூங்கா இருக்கிறது. சேனாநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கத்தில் படகில் போய், தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் பார்க்கலாம்.

"விலை கூடினால் விலங்கும் கூடும்"

இது தென்னாபிரிக்காவிலிருந்து வந்த கணக்கு. குரூகர் பூங்காவை ஒட்டிய சபி சான்ட் போன்ற தனியார் காடுகளில் விடுதிக்காரரிடமே நிலம் உண்டு, வழிகாட்டிகள் உண்டு. இரவிலும் ஓட்டலாம், தடத்தை விட்டு இறங்கியும் ஓட்டலாம். கொடுத்த காசுக்கு அங்கே பொருள் இருக்கிறது.

இலங்கையின் சட்டம் வேறு. தேசியப் பூங்கா அரசாங்கத்தின் காடு. ஐந்து நட்சத்திர விடுதியும் யாலவுக்கு அருகிலுள்ள திஸ்ஸமஹாராமவின் சின்ன விருந்தினர் இல்லமும் பூங்காவுக்கு வெளியேதான். இரண்டிலும் தங்கியவர்கள் ஒரே வாசலில், ஒரே ஆறு மணிக்கு நுழைந்து, ஒரே தடங்களில்தான் ஓட வேண்டும். மாலை ஆறு மணிக்குள் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். கூடுதல் காசு வாங்கித் தருவது நீச்சல் குளத்தையும் மெத்தையையும். அவை வேண்டுமென்றால் எடுங்கள், சிறுத்தைக்காக எடுக்காதீர்கள்.

உள்ளேயே தங்க ஒரு வழி, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாக்கள். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அரிசி, பருப்பு, மரக்கறி நீங்கள் கொண்டுபோனால் அங்குள்ள காவலர் சமைத்துத் தருவார். வசதி குறைவுதான். ஆனால் வாசல் மூடியபின், கடைசி ஜீப்பின் சத்தமும் அடங்கிய காட்டில் இருக்கக் கிடைப்பது உள்ளே தங்குபவர்களுக்கு மட்டுமே.

"அரைநாள் போதும்"

ஓர் இரவு யால, ஓர் இரவு உடவளவ, அடுத்த நாள் எல்ல என்று ஓடுபவர்கள் காட்டைவிட வாகனத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். விலங்குகள் அசைவது விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கினால் அந்த இரண்டு நேரமும் மாறி மாறிக் கிடைக்கும். முதல் நாள் ஏமாற்றினாலும் மறுநாள் இருக்கிறது. வில்பத்துவில் வில்லுகள் வாசலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருப்பதால் அரைநாள் பயணத்தில் பாதி நேரம் போகவரவே சரி. அங்கே முழுநாள் எடுங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

"சிறுத்தையைக் காணாவிட்டால் காசு வீண்"

இந்த எதிர்பார்ப்பை எங்கள் பிள்ளைகளிடம் வளர்ப்பதில் கியூபெக்கின் வாகனப் பூங்காக்களுக்கும் பங்குண்டு. ஹெமிங்ஃபோர்டில் 1972இலிருந்து இயங்கும் பார்க் சஃபாரியில் விலங்குகள் கார் யன்னலுக்கே வந்து தீன் கேட்கும். மொன்டபெல்லோவின் பார்க் ஒமேகாவில் மான்கள் கரட்டுக்குத் தலை நீட்டும். அவை நல்ல இடங்கள்தான். ஆனால் அங்கே விலங்கு வருவது உறுதி. காட்டில் எதுவும் உறுதியில்லை, அதைப் பிள்ளைகளுக்கு விமானம் ஏறுமுன்பே சொல்லிவிட வேண்டும்.

சொல்லிவிட்டால் அவர்கள் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்குவார்கள். ஈர மணலில் காலடித் தடம். மரத்திலிருந்து ஒரு மந்தி இருமுவது போலக் குரைக்கிறது. மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்கள் தலையை நிமிர்த்தி எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன. ஒன்று முன்காலால் நிலத்தைத் தட்டுகிறது. சாரதி எஞ்சினை நிறுத்துகிறார். அந்தப் பற்றைக்குள் சிறுத்தை இருக்கிறது. அது வெளியே வந்தாலும் வராவிட்டாலும், அந்தப் பத்து நிமிடத்தில் காடு முழுவதும் பேசுவதைப் பிள்ளை கேட்டிருக்கும். யூன், யூலையில் பாலைப்பழக் காலம். பழம் தின்ன மரமேறும் கரடி, சிறுத்தைக்கு எந்த வகையிலும் குறைந்த காட்சி அல்ல.

"ரிப்ஸ் கூட்டிக் கொடுத்தால் கிட்டக் கொண்டுபோவார்"

இதுதான் மிகவும் கெடுதலான வரி. தடத்தை விட்டு இறங்குவதும் விரைந்து ஓட்டுவதும் விதிமீறல். அதற்குக் காசு கொடுக்கிறவர் தவறு செய்யும் சாரதியை உருவாக்குகிறார். ஒழுங்காக ஓட்டும் சாரதிக்குப் பிழைப்பில்லாமல் செய்கிறார். தீன் போடுவதும் இதே கதை. புத்தல – கதிர்காமம் வீதியில் யானைகள் வாகனங்களை மறித்துப் பழம் கேட்கின்றன. யாத்திரை போனவர்கள் இரக்கத்தோடு கொடுத்த வாழைப்பழம் பழக்கிய பழக்கம் அது. பழம் கிடைக்காத நாளில் அந்த யானை வாகனத்தை உடைக்கும். ரிப்ஸ் தாராளமாகக் கொடுங்கள். பொறுமையாக நின்ற சாரதிக்குக் கொடுங்கள், எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று அவரிடமே சொல்லிக் கொடுங்கள்.

"யூலை, ஓகஸ்ட் வெயிலில் ஒன்றும் வராது"

உண்மை நேர்மாறானது. இந்தக் காடுகள் உலர்வலயத்தில் இருப்பவை. வெயில் ஏற ஏறச் சிறு நீர்நிலைகள் வற்றும். விலங்குகள் எஞ்சிய தண்ணீரைத் தேடி வரும், பற்றையும் இலை குறைந்து பார்வைக்கு வழிவிடும். மன்னன் மகாசேனன் கட்டுவித்த மின்னேரியாக் குளம் வற்றும்போது கரையில் புல் முளைக்கிறது. ஓகஸ்ட், செப்ரெம்பரில் நூற்றுக்கணக்கான யானைகள் அதைத் தேடிக் கூடுகின்றன. அணையில் நீர்மட்டம் உயர்த்தி வைக்கப்படும் ஆண்டுகளில் புல்லும் யானையும் குறையும் என்பதால் போகுமுன் விசாரியுங்கள். கியூபெக் பள்ளி விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் இந்தக் காலத்தை ஒட்டியே வருகின்றன. யால முதலாம் பிரிவு வறட்சியால் வழமையாக மூடப்படுவது செப்ரெம்பரில்தான்.

இதே கோடையில்தான், கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன், பாதயாத்திரை அடியார்கள் உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமண, யால காடுகளைக் கால்நடையாகக் கடக்கிறார்கள். எங்களுக்கு இந்தக் காட்டோடு உறவு புதிதல்ல.

ஆகவே விடுதிக்குத் தொலைபேசி எடுக்கும்போது அறை விலையைக் கடைசியாகக் கேளுங்கள். பூங்கா வாசல் எத்தனை நிமிடம்? ஜீப் உங்களுடையதா, வெளியாளுடையதா? சாரதி எத்தனை ஆண்டாக இந்தக் காட்டில் ஓடுகிறார்? ஒரு ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்? காலைச் சாப்பாட்டைக் கட்டித் தருவீர்களா? இந்த ஐந்துக்கும் நேராகப் பதில் சொல்லும் விடுதியில் இரண்டு இரவு எடுங்கள். அதன் வாசலில் எத்தனை நட்சத்திரம் தொங்குகிறது என்பது காட்டுக்குள் ஒரு பொருட்டே இல்லை.