தபாற்பெட்டிக் கடிதமும் எமது மௌனமும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது எம் முன்னோர் வாக்கு. ஊரையும் உறவையும் பிரிந்து இக்குளிர் தேசத்தில் வந்து சேர்ந்த எமது குடும்பங்கள், இரவு பகல் பாராது உழைத்து முதலில் தேடிக்கொண்டதும் ஒரு வீட்டைத்தான். ஆனால் அந்த வீட்டைச் சூழவுள்ள மண்ணிலே எது எழவேண்டும், எது நிலைக்கவேண்டும் என்று முடிவெடுக்கப்படும்போது நாம் எங்கே இருக்கின்றோம்? இவ்வாரம் இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

அண்மையில் குரூருட் பள்ளத்தாக்கிலே வசிக்கும் அன்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். யன்னலுக்கு அப்பால், அயற் காணியிலே பைன் மரங்கள் தறிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. "மாஸ்டர், இதையெல்லாம் ஆரிட்டைச் சொல்லுறது?" என்று மனம் நொந்து கேட்டார் அன்பர். சிறிது நேரத்தில் அவரது மகள், அலுமாரியின் மேல் கிடந்த கடிதக் கட்டிலிருந்து ஓர் உறையை எடுத்துவந்தாள். உடைக்கப்படாத உறை. அக்காணியில் கட்டடம் எழவிருப்பதை அயலவருக்கு அறிவித்து, மறுப்பிருந்தால் தெரிவிக்குமாறு கேட்டிருந்த கடிதம் அது. 'நாபோவர்செல்' என்று நோர்வேஜிய மொழியில் வழங்கும் அந்த அறிவித்தலுக்குப் பதிலளிக்கச் சட்டம் தரும் அவகாசம் குறைந்தது 2 வாரங்கள். அது கழிந்து பல மாதங்களாகியிருந்தன. அன்பர் தலை குனிந்தார். அவரைக் குறைகூற எமக்குத் தகுதியில்லை. எமது வீட்டிலும் அத்தகைய உறைகள் உடைபடாமற் கிடந்ததுண்டு.

இந்நகரின் இக்கட்டை முதலில் விளங்கிக்கொள்வது நன்று. ஒஸ்லோவின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 454 சதுர கிலோமீற்றர். அதில் மூன்றில் இரண்டு பங்களவு 'மார்க்கா' எனப்படும் காடு. 2009ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மார்க்கா சட்டம் அக்காட்டினுள் குடியிருப்புகள் பெருகாது காக்கின்றது. மக்கள்தொகையோ 7 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. வெளியே விரிய இடமில்லாத நகரம் உள்ளேதான் நெருங்கவேண்டும். அவ்வாறு நெருங்கும்போது முதலில் ஆபத்துக்குள்ளாவன தோட்டங்களும் பழைய மரங்களும் பிள்ளைகள் ஓடி விளையாடும் வெளிகளுமே.

இதன் காரணமாகவே தனிவீட்டுப் பகுதிகள் குறித்து மாநகரசபையில் நெடுங்காலமாக வாதம் நடைபெற்று வருகின்றது. ஒரு வீடும் ஒரு தோட்டமும் இருந்த காணியை வாங்கி, அதனைப் பிரித்துப் பல வீடுகள் எழுப்பும் வழக்கம் பெருகியபோது, பெருமரங்கள் அழிவதாகவும் மழைநீரை உறிஞ்ச மண் இல்லாது போவதாகவும் குடியிருப்பாளர் முறையிட்டனர். 2023ஆம் ஆண்டிலே மாநகரசபை கட்டுப்பாடுகளை இறுக்கிப் புதிய திட்டமொன்றை நிறைவேற்றியது. அதே ஆண்டு செப்டெம்பரில் நடைபெற்ற தேர்தலின் பின்னர் ஆட்சி கைமாறியது. புதிய ஆட்சியினரோ, வீடுகள் போதாத நகரிலே இவ்வளவு இறுக்கம் தகாது என்று அத்திட்டத்தைத் தளர்த்த முனைந்தனர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இரண்டும் எமது நியாயங்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது. இங்கு பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகள், கைநிறையச் சம்பளம் பெற்றும், தாம் வளர்ந்த பகுதியிலே வீடு வாங்க இயலாது நகருக்கு வெளியே தேடிச் செல்கின்றனர். அவர்களுக்காக வீடுகள் எழவேண்டும். ஆயின் ஓடையின் பெறுமதியும் மண்ணின் பெறுமதியும் எமக்குத் தெரியாதனவா? ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணத்திலே, மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கல்லினிடையே தங்கும் மழைநீரையல்லவோ கிணற்றில் அள்ளிக் குடித்து வளர்ந்தோம்? மண்ணை மூடினால் நீர் எங்கே போகும் என்பதை, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் 'ஹன்ஸ்' புயல்மழை இந்நாட்டின் கிழக்குப் பகுதியைப் புரட்டியெடுத்தபோது நோர்வே மக்களும் கண்டனர்.

வீடா, மரமா என்ற கேள்விக்கு இந்நகரிலேயே நல்ல விடையுண்டு. எமது குடும்பங்கள் பல வாழும் குரூருட் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் வயலும் பண்ணையுமாக இருந்தது. போருக்குப் பிந்திய தசாப்தங்களில் அங்கே தொடர்மாடிகள் எழுந்தன. தொழிற்சாலைகளுக்கும் பாதைகளுக்குமாக அல்னா ஆற்றின் பகுதிகள் குழாய்களுள் அடைக்கப்பட்டன. எனினும் 1970களில் குடியேற்றப்பட்ட ரொம்சோஸைப் பாருங்கள். நடுவிலே குளமும் சுற்றிலும் காடுமாக, வாகனப் பாதையைப் புறத்தே ஒதுக்கி, ஆயிரக்கணக்கானோருக்கு வீடமைத்தார்கள். ஒருமுறை மூடியதைத் திரும்பத் திறக்கவும் முடிந்தது: 2004ஆம் ஆண்டிலே குரூருட்டில் அல்னாவின் ஒரு பகுதி மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்விடம் இன்று ஹோலாலொக்கா என்னும் பூங்கா. ஆகவே எத்தனை வீடு என்பதுடன், எப்படிப்பட்ட வீடு, எதனைக் காத்துக்கொண்டு என்றும் கேட்பதே அறிவுடைமை.

கேட்பதற்கு வழியும் உண்டு. ஒரு பகுதிக்கான திட்டவரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, கருத்துக் கூறக் குறைந்தது 6 வாரங்கள் தரப்படல் வேண்டும். தனியே குரல்கொடுக்க இயலாதாரும் பிள்ளைகளும் பங்குபெற வழிசெய்வது நகராட்சியின் கடமை என்றும் அதே சட்டம் கூறுகின்றது. கட்டட அனுமதி வழங்கப்பட்ட பின்னரும், அறிவித்தல் கிடைத்து 3 வாரங்களுக்குள் முறையீடு செய்யலாம். பிரசாவுரிமை இல்லாதாரும், 3 ஆண்டுகள் இங்கு வசித்திருப்பின் உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1983ஆம் ஆண்டு தொட்டே பெற்றுள்ளனர். எமது சமூகத்திலிருந்து சென்ற கம்சாஜினி குணரத்தினம் 2015 முதல் 2021 வரை இந்நகரின் துணை நகரபிதாவாக வீற்றிருந்ததையும் கண்டோம். கதவு பூட்டியிருக்கின்றது என்று இனியும் நாம் கூறவியலாது.

ஊரிலே குடியியல் பாடத்தில் உள்ளூராட்சியின் பணிகளை நாம் மாணவருக்குக் கற்பித்ததுண்டு. போர்க்காலத்தில் அங்கே உள்ளூராட்சித் தேர்தலே நடைபெறாத ஆண்டுகள் பல. வாக்களித்தறியாத பிள்ளைகள், "சபையின் கடமைகள் யாவை?" என்ற வினாவுக்குப் பிழையின்றி விடை எழுதிப் புள்ளி பெற்றனர். ஏட்டில் மட்டும் இருந்த அந்த உரிமை இங்கே எமது தபாற்பெட்டிக்கே வந்து சேர்கின்றது. அதனை உடைத்துப் படியாது வைத்திருப்பது எவ்வகையில் நியாயம்?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கடிதம் வந்தால் அன்றே உடையுங்கள். மொழி விளங்காவிடின் பிள்ளைகளை அருகே இருத்தி வாசிப்பியுங்கள். வீடு வேண்டுமென்றாலும் சரி, மரம் வேண்டுமென்றாலும் சரி, நான்கு வரியேனும் எழுதி அனுப்புங்கள். அந்த அன்பரின் யன்னலுக்கு வெளியே நின்ற மரங்கள் இனித் திரும்பா. அடுத்த கடிதம் எவருடைய பெட்டியில் விழுமோ, யாரறிவார்?