முதல் போடாத முதலாளி

"தமிழில் புத்தகம் விற்பதில்லை" என்பது நம் பதிப்பாளர்களின் நித்திய பாராயணம். எழுத்தாளன் ராயல்டி கேட்கும்போது அது கொஞ்சம் உரத்த குரலில் நடக்கும். கேட்காதபோது சன்னமாக நடக்கும். விற்கிறதா, விற்கவில்லையா என்ற பழைய வழக்குக்குள் நான் இப்போது போகவில்லை. விற்காத புத்தகத்தினால் இன்று யாருக்கு நஷ்டம் என்று மட்டும் கேட்க விரும்புகிறேன்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு விடை சுலபமாக இருந்தது: நஷ்டம் பதிப்பாளருக்கு. கம்பாசிட்டர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவார். புரூப் திருத்தி, பாரம் பாரமாக அச்சடித்து முடிந்ததும் எழுத்துக்களைப் பிரித்து அவற்றின் அறைகளிலேயே போட்டுவிடுவார்கள். மறுபதிப்பு என்றால் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து கோக்க வேண்டும். ஆகவே எடுத்த எடுப்பிலேயே 1000 பிரதி, 1200 பிரதி அடித்து வைத்தாக வேண்டியிருந்தது. பிறகு ஆப்செட் வந்தது, ஈயம் போயிற்று. ஆனாலும் பிளேட் தயாரிக்கும் செலவும் யந்திரத்தை ஓட விடும் செலவும் முதல் பிரதியின் தலையிலேயே விழுந்ததால், நிறைய அடித்தால்தான் கட்டுப்படியாயிற்று. காகிதக்காரருக்குக் கடன், அச்சகத்துக்குக் கடன், கட்டுக் கட்டாகப் புத்தகம் அடுக்க ஒரு கிடங்கு, கிடங்கில் மழையும் கரையானும். வீட்டு நகையை அடகு வைத்து நாவல் வெளியிட்ட பதிப்பாளர்கள் இருந்தார்கள். அவர்கள், "நூற்றுக்குப் பத்து உனக்கு, மீதியில் கடைக்காரன் கழிவு போக, காகிதம் போக, என் நஷ்டம் போக, ஏதாவது மிஞ்சினால் எனக்கு" என்று சொன்னபோது அதில் ஒரு நியாயம் இருந்தது.

இந்த நியாயத்தின் அடிப்படையையே யந்திரம் மாற்றிவிட்டது. இன்கிராம் என்ற அமெரிக்க மொத்த வியாபாரக் கம்பெனி 1997-இல் புதிய தொழில் ஒன்றை ஆரம்பித்தது. புத்தகத்தைக் கணிப்பொறியில் வைத்துக்கொள்வது. யாராவது கேட்டால் ஒரு பிரதி அடித்து அனுப்புவது. கேட்காவிட்டால் அடிப்பதில்லை. கிடங்கும் இல்லை, கரையானும் இல்லை. அந்த வித்தை இன்று நம் ஊரிலும் சர்வ சாதாரணமாகிவிட்டது. முப்பது பிரதி, ஐம்பது பிரதி என்று அடித்து, தீர்ந்தால் மறுபடி ஐம்பது அடிக்கிறார்கள். முன்வெளியீட்டுத் திட்டம் என்று வாசகரிடம் பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு அடிப்பதும் உண்டு. அதாவது, முதல் போடுகிறவர் வாசகர். சரக்கு கொடுக்கிறவன் எழுத்தாளன். முதலாளி என்ற பெயர் மட்டும் பதிப்பாளருக்கு!

யந்திரத்தின் மீது எனக்குக் கோபமில்லை. முப்பது வருஷமாகக் கிடைக்காமலிருந்த நாவல்கள் மீண்டும் கைக்கு வருகின்றன. இருநூறு வாசகர்களுக்கு மேல் தேறாத ஓர் இளங்கவிஞனின் தொகுதிகூடப் புத்தகமாகிறது. கைத்தறியும் கட்டை வண்டியும் போல ஈய எழுத்தும் இருந்திருக்க வேண்டும் என்று பெருமூச்சு விடுகிற கோஷ்டியில் நான் சேர்ந்தவனல்ல. என் வழக்கு இதுதான்: யந்திரம் நஷ்ட பயத்தைப் போக்கியது; அந்த பயத்துக்கு ஈடாகக் கொடுத்த பங்கு மட்டும் ஏன் போகவில்லை?

நூற்றுக்குப் பத்து அன்றும் பத்துதான், இன்றும் பத்துதான். முந்நூறு ரூபாய் நாவல் ஐம்பது பிரதி விற்றால் எழுத்தாளனுக்கு 1,500 ரூபாய். இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியதற்கு இது கூலி. இதையாவது கொடுக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். பத்துப் பிரதிகளைக் கையில் கொடுத்து, "இதுதான் ஸார் உங்களுக்கு" என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. புது எழுத்தாளனிடமே அச்சுச் செலவை வாங்கிக்கொண்டு, அட்டையில் தங்கள் முத்திரையைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. முன்பு இதற்கு 'சொந்தச் செலவில் வெளியிடுவது' என்று பெயர். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுவார்கள். இப்போது அதற்குத் 'திட்டம்' என்று பெயர்.

"ஐம்பது பிரதி அடித்தால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு ஆப்செட்டைவிட அதிகமாயிற்றே, கடைக்காரனும் மூன்றிலொரு பங்கைக் கழிவாகக் கேட்கிறானே" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு பிரதியின் செலவு கூடுவது வேறு, ஆயிரம் பிரதியின் செலவு முழுகிப் போவது வேறு. முன்னதை விலையில் வைத்துச் சரிக்கட்டலாம், சரிக்கட்டியும் விடுகிறார்கள். பின்னதைச் சரிக்கட்ட முடியாமல்தான் அன்று நகை அடகுக் கடைக்குப் போயிற்று.

இதைவிடப் பெரிய விஷயம் கணக்கு. பழைய புத்தகங்கள் பலவற்றில் பதிப்பு விவரத்தோடு, 'பிரதிகள் 1200' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அந்த வரியைக் காணோம். என் நாவல் ஒன்று புத்தகக் கண்காட்சியில் 'ஐந்தாம் பதிப்பு' என்ற பொறிப்போடு கம்பீரமாக நின்றது. கணக்குக் கேட்டேன். "ஒவ்வொரு பதிப்பும் ஐம்பதுதான் ஸார்" என்றார் பதிப்பாளர். அவர் பெயர் இங்கே வேண்டாம். ஐந்து பதிப்பும் சேர்ந்து 250 பிரதி, பழைய ஒரு பதிப்பில் கால் பங்கு! அவர் சொன்னது மெய்யாகவே இருக்கட்டும். மெய்யென்றால் 'ஐந்தாம் பதிப்பு' என்பது வாசகரிடம் அடிக்கிற ஜம்பம். பொய்யென்றால் 'ஐம்பது' என்பது எழுத்தாளனிடம் காட்டுகிற கள்ளக் கணக்கு. இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. இத்தனைக்கும் இந்தப் புது அச்சு யந்திரம் அடித்த பக்கம் ஒவ்வொன்றையும் எண்ணி வைத்துக்கொள்கிறது. அச்சகக்காரர் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பணம் வாங்குகிறார். யந்திரத்துக்குத் தெரிகிற கணக்கு, எழுதியவனுக்கு மட்டும் தெரியக்கூடாதாம்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. புத்தகம் தீர்ந்துபோய், மறுபதிப்பும் வராவிட்டால் உரிமை எழுத்தாளனுக்கே திரும்பும் என்பது உலகமெங்கும் இருந்த பழைய ஏற்பாடு. ஒவ்வொரு பிரதியாக அடிக்கிற யந்திரம் வந்த பிறகு புத்தகம் தீர்வது ஏது? வருஷத்துக்கு ஒரு பிரதி அடித்தாலும் 'அச்சில் இருக்கிறது' என்று சொல்லிவிடலாம். 2007-இல் அமெரிக்காவில் சைமன் அண்டு ஷூஸ்டர் கம்பெனி இப்படி ஓர் ஒப்பந்தத்தை எழுத்தாளர்களிடம் நீட்டியது. அங்கே எழுத்தாளர் சங்கம் ஊரைக் கூட்டிக் கூச்சலிட்டது. கம்பெனி இறங்கி வந்தது. இங்கே நாம் ஒப்பந்தத்தையே படிப்பதில்லை. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், அதன் திருத்தங்களோடு, நமக்கு நன்றாகவே துணை நிற்கிறது. உரிமை மாற்றம் எழுத்து மூலமாக, கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷந்தான் செல்லும். ஆனால், 'பதிப்புரிமை உள்ள காலம் முழுவதும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், எழுத்தாளன் செத்து அறுபது வருஷம் வரை அந்தப் புத்தகம் அவருடைய பெட்டியில்!

"அப்படியானால் பதிப்பாளரே வேண்டாம், மின்னூலாகப் போடு" என்று யோசனை சொல்கிறார்கள் சில நண்பர்கள். அமேசான் கம்பெனியின் கிண்டிலில் 2016 முதல் தமிழும் ஏறியிருக்கிறது. நூற்றுக்கு முப்பத்தைந்து, சிலவற்றுக்கு எழுபது தருகிறார்கள். பத்தை எண்ணிப் பழகியவனுக்கு இது புதையல்தான். ஆனால் இந்தியாவில் எழுபது வேண்டுமென்றால், அந்த மின்னூலை வேறெங்கும் வெளியிடுவதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும். வாசகர் கதியோ இன்னும் வேடிக்கை. 2009-இல் விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்தவுடன், ஆர்வெல்லின் நாவல்களைப் பணம் கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து அந்தக் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பிறகு மன்னிப்பும் கேட்டது. 2025 பிப்ரவரியில், வாங்கிய மின்னூலைத் தம் கணிப்பொறியில் இறக்கி வைத்துக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டது. கரையான் கூட அலமாரியில் புகுந்து ஒரே இரவில் புத்தகத்தைத் தின்றதில்லை. சின்ன முதலாளியிடமிருந்து தப்பி, கண்ணுக்கே தெரியாத பெரிய முதலாளியிடம் போய் விழுவது விடுதலை ஆகாது.

பதிப்பாளர் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அவர் இனி எதை முதலாகப் போடப் போகிறார் என்றுதான் கேட்கிறேன். பணத்தைப் போட வேண்டாம், உழைப்பைப் போடட்டும். கைப்பிரதியைப் படித்து, 'இந்த அத்தியாயம் தொய்கிறது' என்று சொல்ல ஓர் ஆள். புரூப் பார்க்க ஓர் ஆள். சின்ன ஊர்க் கடைகளுக்குப் புத்தகத்தைக் கொண்டு சேர்க்க ஓர் ஆள். இதையெல்லாம் செய்கிற பதிப்பாளர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வணக்கம். அவர்களுக்குப் பாதி கொடுத்தாலும் தகும். பணமும் போடாமல், உழைப்பும் போடாமல், முத்திரை மட்டும் போடுகிறவருக்குப் பெயர் பதிப்பாளரல்ல, தரகர். தரகருக்குத் தரகுதான் தர வேண்டும்.

வழியில்லாத விஷயமா இது? பக்கத்துக் கேரளத்தில், 1945-இல் கோட்டயத்தில் எழுத்தாளர்களே கூடி 'சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கம்' என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். எம். பி. பாலும் காரூர் நீலகண்ட பிள்ளையும் முன்னின்றார்கள். ஈய எழுத்தும் கிடங்கும் கடனும் இருந்த அந்தக் காலத்திலேயே, அது நூற்றுக்கு முப்பது ராயல்டி கொடுத்தது. அதன் பழைய செல்வாக்கு பின்னால் குறைந்து போயிருக்கலாம். ஆனாலும், கிடங்கு வைத்துக்கொண்டு அவர்களால் கொடுக்க முடிந்த முப்பதை, கிடங்கே இல்லாமல் நம்மவர்களால் கொடுக்க முடியாது என்பதை எந்தக் கணக்குப் பிள்ளை ஒப்புக்கொள்வார்?

நாம் கேட்பது மூன்றுதான். ஒவ்வொரு பதிப்பிலும் எத்தனை பிரதி என்று அச்சிட வேண்டும். அச்சகத்தின் எண்ணிக்கையை வருஷத்துக்கு ஒருமுறை எழுத்தாளனுக்குக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. இதில் எழுத்தாளனுக்கு எவ்வளவு அக்கறையோ, வாசகருக்கும் அவ்வளவு அக்கறை வேண்டும். எழுதிப் பிழைக்க முடியாதவன் எழுதுவதை நிறுத்திவிடுவான். அப்போது எத்தனை நல்ல யந்திரம் இருந்தாலும் அதில் அடிக்க ஒன்றும் இராது. அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது அட்டையைத் திருப்பி, விலைக்குப் பக்கத்தில் பிரதி எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கடையில் இருப்பவரிடம், "எத்தனை அடித்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எழுத்தாளன் கேட்டால் பாராயணம் தொடங்கிவிடும். பணம் கொடுக்கிற நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.